முன்வரிசை டிக்கெட்: கண்ணுக்கு கிட்ட, காதுக்கு தூரம்

லைவ் கான்சர்ட்டுக்கு முன்வரிசை டிக்கெட்ங்கிறத ஒரு பொருளா எடுத்து ரிவியூ எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டு இருந்தேன். ஏன்னா எல்லாரும் பாடகர் எப்படி பாடினாரு, லைட்டிங் எப்படி, எந்தெந்த பாட்டு வந்துச்சுன்னுதான் எழுதுறாங்க, அந்த சீட்ல உக்காந்தா காதுக்கு என்ன வருதுன்னு யாரும் சொல்றதில்ல. மொதல்லயே தீர்ப்ப சொல்லிடுறேன். பாக்குறதுக்கு இதவிட நல்ல சீட் கெடையாது. கேக்குறதுக்குன்னு வந்தா, மேடை விளிம்புல தனியா சின்ன ஸ்பீக்கர் வைக்காத நிகழ்ச்சியா இருந்தா, அரங்கத்துலயே ரொம்ப மோசமான சீட்டுகள்ல இது ஒண்ணு. அதத்தான் இருக்குறதுலயே அதிக விலைக்கு விக்கிறாங்க, அங்கதான் எனக்கு மனசு ஆறல.

சமீபத்துல போன ஒரு பெரிய பேண்ட் நிகழ்ச்சிய சொல்றேன். முதல் வரிசை, கிட்டத்தட்ட நடு சீட். பாடகிக்கும் எனக்கும் நடுவுல ஒரு கம்பித் தடுப்பும் கொஞ்சம் இடைவெளியும்தான். அவங்க மூச்சு இழுக்கிறது கூட கண்ணுக்கு தெரியுது, ஆனா பாடுற வார்த்தை காதுக்கு வரல. குரலே வரலன்னு சொல்ல மாட்டேன், வருது, ஆனா தலைக்கு மேல தாண்டிப் போயி பின்சுவத்துல பட்டு திரும்பி வர்ற அளவுக்கு மங்கலா வருது. வல்லின எழுத்து ஒண்ணும் காதுல நிக்கல, உயிரெழுத்து மட்டும் மிதந்துட்டு இருக்கு, தெரிஞ்ச பாட்டா இருந்தா மனசு நிரப்பிக்குது, புதுப்பாட்டுன்னா ஒரு வரி புரியல. அதே நேரம் ஸ்நேர் டிரம்ல விழுற ஒவ்வொரு அடியும் எந்த ஸ்பீக்கரும் இல்லாம நேரா காதுல அறையுது, கிட்டாரிஸ்ட்டோட ஆம்ப் (கிட்டார் சத்தத்த பெருக்குற பெட்டி) எங்க பக்கம் திரும்பி இருந்ததால அவரு வாசிச்சது மட்டும் எல்லாத்துக்கும் மேல நிக்குது, மேடைக்கு கீழ வரிசையா அடுக்கி இருந்த சப்வூஃபர் (பேஸ் சத்தத்துக்குன்னே இருக்கற பெரிய ஸ்பீக்கர், சுருக்கமா சப்) வேற பாட்டு முழுக்க நெஞ்ச அதிர வச்சிட்டே இருக்கு.

கூட வந்த ஃப்ரெண்டுக்கு சீட் பின்னாடி, மிக்ஸர் மேசைக்கு, அதாவது சவுண்ட் இன்ஜினியர் எல்லா சத்தத்தையும் கலக்குற எடத்துக்கு, சில வரிசை முன்னாடி கெடச்சிருந்துச்சு. இடைவேளைல பாத்தா "டேய், குரல் இன்னைக்கு எவ்ளோ தெளிவா இருக்கு, ஒரு சொல் விடாம கேக்குதுடா"ன்னு அவன் பூரிச்சுப் போயி சொல்றான். எனக்கு நம்பவே முடியல. ரெண்டாம் பாதில சீட்ட மாத்திக்கிட்டோம். அவன் சொன்னது அத்தனையும் உண்மை, குரல் முன்னாடி, கீபோர்டு ரெண்டு பக்கமும் விரிஞ்சு, டிரம்ஸ் அதோட எடத்துல, பேஸ் அளவா. நிகழ்ச்சி முடிஞ்சு அவன் வந்து கேட்ட முதல் கேள்வியே "மைக்ல ஏதாச்சும் பிரச்சினையாயிடுச்சா?"ன்னுதான். மைக்ல ஒண்ணும் இல்ல. ஒரே ராத்திரி, ஒரே மேடை, ஒரே மிக்ஸ், உக்காந்த எடம்தான் வேற.

இது ஏன் நடக்குதுன்னு புரிஞ்சிக்கணும்னா மேடைக்கு ரெண்டு பக்கமும் வாழைத்தார் மாதிரி தொங்குதுல்ல ஸ்பீக்கர் தொகுப்பு, லைன் அரேன்னு சொல்றது, அத பாக்கணும். 1992ல பிரான்ஸ்ல எல்-அகூஸ்டிக்ஸ் கம்பெனி, கிறிஸ்டியன் ஹைல்னு இயற்பியல் படிச்ச ஒருத்தரோட கம்பெனி, வி-டாஸ்க்னு ஒரு சிஸ்டம் கொண்டு வந்துச்சு, அதுக்கப்புறம்தான் பெரிய நிகழ்ச்சி எல்லாத்துலயும் இந்த முறை பரவுச்சு. இதோட பலமே தூரத்துல இருக்கறவனுக்கும் சத்தம் குறையாம கொண்டு போறதுதான். சாதாரண ஒரு ஸ்பீக்கர்ல தூரம் ரெண்டு மடங்கானா 6 டெசிபல் குறையும், லைன் அரேல ஒரு குறிப்பிட்ட தூரம் வரைக்கும் 3 டெசிபல்கிட்டதான் குறையும். ஒண்ணுக்கு கீழ ஒண்ணா மாட்டுன ஸ்பீக்கர் பெட்டில மேல் பாக்ஸ் கடைசி வரிசைய பாக்கும், கீழ வர வர குனிஞ்சு அடிப் பாக்ஸ் முன்பக்க சீட்ட பாக்கும். கேக்க நல்லா இருக்குல்ல, அப்போ முன்வரிசைக்கும் வந்துடணுமேன்னு தோணும். வராது, ஏன்னா பிரச்சினை மேல கீழ மட்டும் இல்ல, பக்கவாட்டுலயும் இருக்கு.

கணக்கு போட்டு பாருங்க. ரெண்டு தொகுப்புக்கும் நடுவுல 16 மீட்டர் இருக்குன்னு வைங்க, நீங்க நடு சீட்ல, தொகுப்பு தொங்குற கோட்டுக்கு 3 மீட்டர் முன்னாடி உக்காந்திருக்கீங்க. அப்போ ஒவ்வொரு தொகுப்பும் உங்களுக்கு பக்கவாட்டுல 8 மீட்டர், முன்னோக்கி வெறும் 3 மீட்டர். அது நேரா முன்னாடி பாக்குற திசைலேருந்து நீங்க இருக்கற கோணம் கிட்டத்தட்ட 70 டிகிரி. 90 டிகிரி விரிவு உள்ள ஸ்பீக்கர்னா நடுக்கோட்டுலேருந்து ஒவ்வொரு பக்கமும் 45 டிகிரிதான் அதோட வேலை எல்லை. நீங்க அதுக்கு எவ்வளவோ வெளிய இருக்கீங்க. ஸ்பீக்கர் உங்கள பாக்கவே இல்ல, உங்க மூக்குக்கு முன்னாடி கடந்து பின்னாடி போயிட்டு இருக்கு.

இதுல இன்னொரு விஷயம், எல்லை தாண்டினா எல்லா சத்தமும் ஒரே அளவுல குறையாது. தடிச்ச ஒலி, அதாவது கீழ் அதிர்வெண், எல்லா பக்கமும் பரவும், கோணம் பத்தி அதுக்கு கவலையே கெடையாது. மெல்லிய கூர்மையான ஒலிதான் நேர்கோட்டுல போகும். வார்த்தைய வார்த்தையா புரிய வைக்கிற ஒலி பெரும்பாலும் 2000லேருந்து 4000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் இருக்கு, ச, ட, க எல்லாம் அங்கதான் தெளிவாகுது. அது உங்களுக்கு வராது, மத்தது வரும். அதனாலதான் முன்வரிசைல "சத்தம் கம்மியா இருக்கு"ன்னு யாரும் சொல்றதில்ல, "சத்தமா இருக்கு ஆனா ஒண்ணும் புரியல"ன்னு சொல்றாங்க. ரெண்டும் வேற வேற குறை. வால்யூம ஏத்துனா இது சரியாகாது, இன்னும் மோசமாகும்.

அதுக்கு மேல மேடைலேருந்து நேரா வர்ற சத்தம். டிரம்ஸ், கிட்டார் ஆம்ப், பேஸ் ஆம்ப் இதுக்கெல்லாம் ஸ்பீக்கர் தேவையே இல்ல, சும்மாவே முதல் சில வரிசைக்கு முழுசா கேக்கும். குரலுக்கு மட்டும்தான் அந்த வசதி இல்ல, அது மைக் வழியா போயி ஸ்பீக்கர் வழியாதான் வரணும். முன்னாடியெல்லாம் பாடகர் காலடில, அவர் பாடுறத அவரே கேக்குறதுக்கு, மானிட்டர் ஸ்பீக்கர் இருக்கும், அது அவரப் பாத்து இருந்தாலும் கொஞ்சம் கசிஞ்சு முன்னாடி உக்காந்தவங்களுக்கும் குரல் வரும். இப்ப நிறைய பேர் காதுக்குள்ள மாட்டுற இன்-இயர் மானிட்டருக்கு மாறிட்டாங்க, அவங்க காதுக்கு அது நல்லது, நான் குறை சொல்லல, ஆனா அந்த கசிவும் போச்சு. சில பேண்டுல ஆம்பே மேடைல இல்ல, எல்லாம் டிஜிட்டல், அப்போ முன்வரிசைக்கு டிரம்ஸ மட்டும் கேட்டுட்டு மத்த வாத்தியம் எல்லாத்தையும் கண்ணால பாத்துட்டு இருக்க வேண்டியதுதான்.

சப்வூஃபர் கதை தனி. மெயின் ஸ்பீக்கர் உயரத்துல தொங்குறதால முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் தூர வித்தியாசம் ஓரளவு சமாளிக்கலாம். சப் தரைல, முன்வரிசை காலுக்கு எதிர்ல இருக்கு. திறந்தவெளில ஒரு தனி சப்ப மட்டும் வச்சு பாத்தா, 3 மீட்டர்ல இருக்கறவனுக்கும் 24 மீட்டர்ல இருக்கறவனுக்கும் வித்தியாசம் 18 டெசிபல் வரும். 10 டெசிபல் ஏறினாலே காதுக்கு ஏறத்தாழ ரெண்டு மடங்கு சத்தமா தோணும்னா 18 எவ்வளவுன்னு யோசிங்க. நிறைய சப் வரிசையா வச்சா, சுவர் இருந்தா, இந்த கணக்கு மாறும், ஆனா முன்னாடிதான் அதிகம்ங்கிறது மாறாது. பின்னாடி இருக்கறவனுக்கு பேஸ் போதணும்னு ஏத்துறாங்க, அதோட முழு வெயிட்டும் முன்னாடி உக்காந்தவன் மேல விழுது. சப்ப மேல தொங்க விடுறவங்க இருக்காங்க, அப்படி செஞ்ச நிகழ்ச்சிகள்ல முன்வரிசைல உக்காந்தா உடம்புக்கே ஒரு நிம்மதி தெரியும்.

சரி, இதுக்கு தீர்வே இல்லையா? இருக்கு, அதுவும் புதுசா கண்டுபிடிக்க வேண்டியது இல்ல. ஃப்ரண்ட் ஃபில். மேடை விளிம்புல சில மீட்டருக்கு ஒண்ணா சின்ன ஸ்பீக்கர் வரிசையா வைக்கிறது, முதல் மூணு நாலு வரிசைக்காக மட்டும். இத ஒழுங்கா செஞ்ச நிகழ்ச்சிக்கும் போயிருக்கேன், அதனாலதான் இவ்ளோ ஆதங்கமா எழுதுறேன். அன்னைக்கு பாடகர் வாய தொறந்தா குரல் அவர் வாய்லேருந்தே வந்துச்சு. மேல எங்கயோ கறுப்புப் பெட்டிலேருந்து இல்ல, அவர் நிக்கிற எடத்துலேருந்து. ஒரு மெல்லிய பாட்டுல அவர் மைக்க விட்டு கொஞ்சம் விலகி ஒரு சங்கதி போட்டாரு, அந்த விலகல் கூட காதுக்கு தெரிஞ்சுது. முன்வரிசைக்கு காசு குடுக்கறவன் எதிர்பாக்குறது இததான். பக்கத்துல இருந்து கேக்குற உணர்வு.

வச்சா மட்டும் போதாது, டிலே, அதாவது எவ்வளவு தாமதமா சத்தம் வரணும்ங்கிறத, சரியா போடணும். ஒலி காத்துல சுமார் 20 டிகிரி வெப்பத்துல நொடிக்கு 343 மீட்டர் போகும், அதாவது ஒரு மீட்டருக்கு கிட்டத்தட்ட 3 மில்லிசெகண்ட். டிரம்ஸ் மேடை விளிம்புலேருந்து 5 மீட்டர் உள்ள இருந்தா அந்த சத்தம் விளிம்புக்கு வரவே 15 மில்லிசெகண்ட் ஆகும். விளிம்புல இருக்கற ஸ்பீக்கருக்கு அந்த தாமதத்த குடுக்கலன்னா ஒரே அடி ரெண்டு தடவ வந்து மசமசன்னு ஆயிடும். ஹெல்முட் ஹாஸ்னு ஒரு ஜெர்மன் ஆராய்ச்சியாளர் 1949லயே இதப் பத்தி எழுதிட்டாரு, ஒரே ஒலி ரெண்டு எடத்துலேருந்து சின்ன இடைவெளில வந்தா எது மொதல்ல வருதோ அந்த திசைலேருந்துதான் வருதுன்னு மூளை எடுத்துக்கும், ரெண்டாவதா வர்றது கொஞ்சம் சத்தம் அதிகமா இருந்தா கூட. இத வச்சுதான் குரல பாடகர் நிக்கிற எடத்துல நிறுத்துறாங்க. டிலே தப்பா இருந்தா குரல் உங்க முழங்காலுக்கு எதிர்ல இருக்கற பெட்டிலேருந்து வரும், அதுவும் ஒரு சங்கடம்தான், ஆனா குரலே இல்லாம இருக்கறதுக்கு அது எவ்வளவோ மேல்.

அதுல என்ன மிக்ஸ் போகுதுங்கிறதும் முக்கியம். மெயின்ல போற அதே மிக்ஸ அப்படியே ஃப்ரண்ட் ஃபில்லுக்கும் அனுப்புனா டிரம்ஸும் கிட்டாரும் மேடைலேருந்து ஒரு தடவ, ஸ்பீக்கர்லேருந்து இன்னொரு தடவ. நல்ல இன்ஜினியர் குரல், கீபோர்டு, சத்தம் கம்மியான வாத்தியம் இதெல்லாம் தூக்கலா இருக்கற மாதிரி தனி மிக்ஸ் அனுப்புவாரு. இப்ப இருக்கற டிஜிட்டல் கன்சோல்ல இதுக்கு பெரிசா மெனக்கெட வேண்டியதில்ல. பெட்டிக்கும் பெட்டிக்கும் இடைவெளி ரொம்ப அதிகமானா நடுவுல ஓட்டை விழும், பெட்டிக்கு நேர் எதிர்ல உக்காந்தவனுக்கு காது கூசும், நாலு சீட் தள்ளி இருக்கறவனுக்கு ஒண்ணும் வராது. நான் சொன்ன அந்த மோசமான நிகழ்ச்சில பெட்டி ரெண்டே ரெண்டுதான் இருந்துச்சு, மேடையோட ரெண்டு மூலைல, அதுவும் அலங்காரத் துணிக்கு பின்னாடி. மூட வேண்டாத எடத்துல மூடுன துணி தெளிவ தின்னுடும், தடிச்ச சத்தத்த ஒண்ணும் பண்ணாது.

முன்வரிசைலயே நடுவும் ஓரமும் ஒண்ணு இல்ல. ஓரத்துல உக்காந்தா ஒரு பக்க தொகுப்புக்கு நேர் கீழ வருவீங்க, அடிப் பாக்ஸ் உங்கள பாத்துட்டு இருந்தா வார்த்தை புரியும், ஆனா ஒரு பக்கம் மட்டும்தான் கேக்கும். இடது பக்கமா விரிச்சு வச்ச கீபோர்டு வலது ஓரத்துல இருக்கறவனுக்கு பாதி காணாம போயிடும். என்னக் கேட்டா, ஃப்ரண்ட் ஃபில் இல்லாத எடத்துல நடு சீட்ட விட கொஞ்சம் ஓரமா இருக்கறது குரலுக்கு பரவால்ல, ஆனா வால்யூம் காதுக்கு தாங்குமான்னு பாத்துக்கணும்.

குத்தம் யாரோடது? சவுண்ட் இன்ஜினியர திட்டுறது சுலபம், நான் திட்ட மாட்டேன். அவர் 20, 30 மீட்டர் பின்னாடி உக்காந்து கலக்குறாரு, அங்க அருமையா இருக்கு, நிகழ்ச்சி நடக்கும்போது முன்வரிசைல என்ன கேக்குதுன்னு அவருக்கு தெரிய வழியே இல்ல. டேப்லெட்ட கைல வச்சுக்கிட்டு அரங்கம் முழுக்க நடந்து பாத்து திருத்துற சிஸ்டம் இன்ஜினியர்னு தனியா ஒருத்தர் இருக்கணும், செலவ குறைக்கணும்னா மொதல்ல வெட்டுறது அந்த ஆளத்தான். அடுத்து மேடை அலங்காரம், ஃப்ரண்ட் ஃபில் பெட்டி கண்ண உறுத்துதுன்னு தூக்க சொல்றாங்க, இல்லன்னா ஸ்பான்சர் போர்டால மறைச்சிடுறாங்க. எல்லாத்துலயும் எனக்கு கோவம் வர்றது எதுக்குன்னா, ஸ்பீக்கர் திட்டம் போட்டு முடிச்சப்புறம் மேடைக்கும் முதல் வரிசைக்கும் நடுவுல புதுசா ரெண்டு வரிசை சோஃபா போட்டு அத சிறப்பு டிக்கெட்டுன்னு விக்கிறது. அந்த எடத்துல மனுஷன் உக்காருவான்னு யாரும் கணக்குலயே எடுக்கல, ஆனா அதுக்குத்தான் உச்ச விலை.

இவ்ளோ சொன்னாலும் எல்லா நிகழ்ச்சிக்கும் இது பொருந்தாது. மைக் இல்லாத சின்ன கச்சேரி, ரெண்டு மூணு பேர் வாசிக்கிறதுன்னா முன்வரிசைய கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம், வில்லு நரம்புல உரசுற சத்தம் வரைக்கும் கேக்கும். பெரிய ஆர்கெஸ்ட்ரான்னா வேற மாதிரி, முன்னாடி இருக்கற வயலின் மட்டும் நிறைய வரும், பின்னாடி இருக்கற குழல் வகையெல்லாம் அவங்கள தாண்டி மேல போயிடும், கொஞ்சம் பின்னாடி உயரமான சீட்தான் நல்லது. 1963ல திறந்த பெர்லின் பில்ஹார்மோனி இசை அரங்கத்துல மேடைய சுத்தி படிப்படியா சீட்ட ஏத்தி வச்சாங்க பாருங்க, கிட்டவும் இருக்கலாம், மேலேருந்தும் கேக்கலாம்.

ஒலிபெருக்கி வச்ச நிகழ்ச்சிலயும் முன்வரிசைய விட்டுக்குடுக்காத முயற்சி நடந்திருக்கு. கிரேட்ஃபுல் டெட் பேண்ட் 1974ல தங்களுக்கு பின்னாடியே ஸ்பீக்கர ஒரு பெரிய சுவரா எழுப்பி வச்சாங்க, மேடைல இருக்கறவங்களும் முன்னாடி இருக்கறவங்களும் கடைசில இருக்கறவங்களும் ஒரே எடத்துலேருந்து வர்ற சத்தத்த கேட்டாங்க. ஊர் ஊரா தூக்கிட்டுப் போக கட்டுப்படியாகாம அந்த வருஷத்தோடயே கைவிட்டுட்டாங்க. இப்ப எல்-அகூஸ்டிக்ஸ், டி அண்ட் பி மாதிரி ஸ்பீக்கர் கம்பெனிங்க மேடைக்கு மேல குறுக்கால பல தொகுப்பு தொங்கவிட்டு, யார் எங்க நிக்கிறாங்களோ அங்கேருந்தே சத்தம் வர்ற மாதிரி செய்றாங்க. அந்த மாதிரி சிஸ்டம் போட்ட நிகழ்ச்சின்னு தெரிஞ்சா முன்வரிசைக்கு தைரியமா போகலாம்.

காத பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். உலக சுகாதார நிறுவனம் 2022ல வெளியிட்ட தரத்துல இசை நிகழ்ச்சிக்கு 15 நிமிஷ சராசரி 100 டெசிபலுக்கு மேல போகக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. மீட்டர் பெரும்பாலும் மிக்ஸர் பக்கத்துலதான் இருக்கும், சப்புக்கும் ஸ்நேருக்கும் முன்னாடி உக்காந்திருக்கற நீங்க வாங்குறது அதவிட அதிகமா இருக்கலாம். காதடைப்பான் கண்டிப்பா வேணும், ஆனா நுரை மாதிரி அமுக்கி வைக்கிறத முன்வரிசைக்கு கொண்டு போகாதீங்க, அது கூர்மையான ஒலியத்தான் அதிகமா வெட்டும், ஏற்கனவே அது இல்லாத சீட்ல இருக்கற கொஞ்ச நஞ்ச வார்த்தையும் போயிடும். எல்லா ஒலியையும் ஒரே அளவா குறைக்கிற இசைக்கலைஞர் வகை இருக்கு, அத வாங்குங்க. குழந்தைங்கள கூட்டிட்டு போறவங்க தயவுசெஞ்சு சப்புக்கு நேர் எதிர் சீட் எடுக்காதீங்க.

டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி ஏற்பாட்டாளருக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்புங்க, "முன்வரிசைக்கு ஃப்ரண்ட் ஃபில் இருக்கா?"ன்னு. கேள்வியே புரியலன்னா அதுவே பதில். உள்ள போனதும் மேடை விளிம்ப பாருங்க, பெட்டி எத்தன இருக்கு, மறைஞ்சு இருக்கான்னு. அப்புறம் அண்ணாந்து அடிப் பாக்ஸ பாருங்க, அதோட முகம் உங்களுக்கு தெரியலன்னா அதோட சத்தமும் உங்களுக்கு இல்ல. ஆரம்பிச்சு ரெண்டு பாட்டுக்குள்ள குரல் வரலன்னா மிக்ஸர் பக்கம் போயி, மிக்ஸ் பண்றவர தொந்தரவு பண்ணாம, கூட நிக்கிற ஆள்கிட்ட சீட் எங்கன்னு சொல்லி "முன்னாடி குரல் வரல, ஃப்ரண்ட் ஃபில்ல கொஞ்சம் ஏத்த முடியுமா"ன்னு கேளுங்க. பல பேர் உடனே செய்வாங்க, அவங்களுக்கும் இது தெரிஞ்சாதானே.

மார்க் போடணும்னா: பார்வைக்கு 5க்கு 5. ஒலிக்கு, ஃப்ரண்ட் ஃபில் ஒழுங்கா இருந்தா 4, இல்லன்னா 1. பாட்டு கேக்கத்தான் போறீங்கன்னா நடுல எட்டாவதுலேருந்து பதினஞ்சாவது வரிசைக்குள்ள எடுங்க, மிக்ஸருக்கு முன்னாடி எங்கன்னாலும் சரி. அந்த ஏற்பாட்டாளருக்கு சீட் நம்பரோட விவரமா எழுதியிருக்கேன், பணம் திரும்ப கேக்கல. அடுத்த தடவ டிக்கெட் விக்கிற பக்கத்துலயே எந்தெந்த வரிசைக்கு எந்த ஸ்பீக்கர் வருதுன்னு ஒரு படம் போடுங்க, தூண் மறைக்கிற சீட்டுக்கு அப்படித்தானே முன்கூட்டியே சொல்றாங்கன்னு கேட்டிருக்கேன். சவுண்ட் டீமுக்கு அனுப்பியிருக்கோம்னு பதில் வந்திருக்கு.